பொழுது சாயாத பி பிளாக்

கோயம்புத்தூரில் மருதமலையைப் பார்த்து நிற்கிற பொன்மாலை குடியிருப்பின் பி பிளாக்கில், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மத்தியானம் மூன்றரை மணிக்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்த வெயில் நாலு மணிக்கும் போகவில்லை, ஆறு மணிக்கும் போகவில்லை, ஊரெல்லாம் விளக்குப் போட்டுச் சாப்பிட்டுப் பாய் விரித்துப் படுத்த பிறகும் போகவில்லை. கட்டிலின் கால்மாட்டில் மஞ்சளாகக் கிடந்தது கிடந்தபடியே கிடந்தது. அன்றைக்குத்தான் நாச்சிமுத்துவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனிமேல் இங்கே வைத்திருந்து பிரயோசனம் இல்லை என்று கைவிரித்த டாக்டர், அவர் மனைவி கோகிலவாணியைத் தனியே கூப்பிட்டு, "இன்னிக்கு ராத்திரி தாண்டறது கஷ்டம்மா, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவளும் சொல்லிவிட்டாள். சொந்தபந்தமெல்லாம் திரண்டு வந்து ஹாலில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, காபி குடித்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ராத்திரிக்காகக் காத்திருந்தது. ராத்திரி வரவேயில்லை, நாச்சிமுத்துவும் போகவில்லை.

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அவர் ராத்திரி தாண்டாது என்றுதான் சொன்னார். ராத்திரியே எட்டிப் பார்க்காத வீட்டில் தாண்டுவது ஏது, தாண்டாதது ஏது? இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்த சொந்தக்காரர்கள், போட்டது போட்டபடி வேலையை விட்டு வந்தவர்களுக்கே உரிய முகக்கடுப்போடு, "சேதி வந்தா வந்தர்றோம் கோகிலா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். படியிறங்கிக் கீழே போனால் அவர்களுக்கும் ஊருக்கும் ஒரே இருட்டு, ஒரே தெருவிளக்கு, ஒரே நாய்க்குரைப்பு. திரும்பவும் மேலே ஏறிக் கதவைத் திறந்தால் அதே மூன்றரை மணி வெயில்.

இதற்காக யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. பள்ளிக்கூட வேன் வருகிற நேரம் மாறவில்லை, தண்ணீர் லாரி வருகிற நேரம் மாறவில்லை, வாயைப் பிளந்து நிற்க யாருக்கு ஒழிகிறது? மேற்கே பார்த்த வீடுகள் அத்தனையிலும் இதே கூத்துதான் என்று தெரிந்ததும் திரைச்சீலை போட்டுப் பார்த்தார்கள், செய்தித்தாள் ஒட்டிப் பார்த்தார்கள், வெளியே தார்ப்பாய் கட்டியும் பார்த்தார்கள். வெயில் இனிமேல்தான் வரப்போகிறது என்றால் மறைக்கலாம். இதுவோ ஏற்கெனவே உள்ளே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்ட வெயில். அப்புறம் பழகிக்கொண்டார்கள். படுக்கையறையில் வடகம் பிழிந்தார்கள், மெத்தைக்குப் பக்கத்தில் மிளகாய் காயப்போட்டார்கள், கண்ணில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு தூங்கினார்கள், கைக்குழந்தைகளை மட்டும் எதிரே ஏ பிளாக்குக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்த இருட்டில் கொஞ்ச நேரம் உறங்கவைத்துக் கொண்டுவந்தார்கள். சாயங்காலமே இல்லாத வீட்டில் எப்போது விளக்கு வைப்பது என்று தகராறு வந்தபோது, வாட்ச்மேன் மொட்டை மாடியில் நின்று பொழுது இறங்குவதைப் பார்த்து மணியடிப்பது, மணி கேட்டதும் எல்லோரும் வெயிலிலேயே விளக்கேற்றிக்கொள்வது என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டது. செவ்வாய்க்கிழமை மூன்றரை என்றால் ராகுகாலம் ஆயிற்றே, காலமெல்லாம் ராகுகாலத்தில் குடியிருக்கிற வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று சம்பந்தி வீட்டார் ஒருவர் பின்வாங்கப் பார்த்தார். அதற்கும் ஒரு ஜோசியரை அழைத்துவந்து, ராகுகாலம் கடிகாரப்படிதானே ஒழிய வெயில்படி இல்லை என்று சொல்லவைத்துக் கல்யாணத்தை முடித்தார்கள்.

ஆனால் நாச்சிமுத்து போகவில்லை என்கிற சேதி சும்மா இருக்குமா? அது பஸ் ஏறி, ரயில் ஏறி, பொள்ளாச்சி, தாராபுரம், ஈரோடு என்று போனது. எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் "இன்னிக்கு ராத்திரி" என்று வாயெடுத்தாலும், அந்த வீட்டார் அழுவதற்கு முன்னால் பி பிளாக்கில் நமக்கு யாரைத் தெரியும் என்று யோசித்தார்கள். ஒன்றுவிட்ட பெரியப்பாக்களும் மாமனார்களும் சின்னம்மாக்களும் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார்கள். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது என்பதால் படிவழியே போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நோயாளிகளைக் கொண்டுவருகிறவர்கள் இருட்டுவதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும், இருட்டிய பிறகு வந்தால் சங்கம் பொறுப்பல்ல என்று கேட்டில் ஒரு பலகை தொங்கியது. அதில் ஒரு எழுத்தும் யாருக்கும் உறுத்தவில்லை.

வந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சாகவில்லை, அவ்வளவுதான். மூன்றரை மணிக்கு எந்த வலியோடு உள்ளே வந்தார்களோ அதே வலி, அதே மூச்சிரைப்பு, அதே காய்ச்சல், கூடவே அந்த வெயிலின் புழுக்கம். நாலாவது மாடியில் ஒரு குடும்பம் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல் தங்கள் பெரியவரைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகத் தூக்கியது. அந்த வெயில் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டு படியிறங்கி ஆம்புலன்ஸில் ஏறி, சிக்னலில் நின்று, ஆஸ்பத்திரி வார்டுவரைக்கும் கூடவே போனது. பக்கத்துக் கட்டில்காரர்கள் வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லை என்று சண்டைபிடித்ததால் விடிவதற்குள் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் யாரையும் வெளியே கொண்டுபோகவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கட்டிடத்தை வரைந்தவளே கோகிலவாணிதான். ஊரில் பேர்பெற்ற ஆர்க்கிடெக்ட். மலை தெரியட்டும் என்று சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்து அவள் போட்ட ஜன்னலைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். அவளும் தான் வரைந்ததில் ஆசைப்பட்டு மூன்றாவது மாடியில் ஒரு வீடு வாங்கிக் குடிவந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் வெயில் அந்த ஜன்னல்களுக்குள் முதன்முதலாக நேராக இறங்கியது. இந்த வெயில் ஏன் இப்படிச் செய்கிறது என்று அவளுக்கும் தெரியாது. தெரியாதவரைக்கும் அது கடவுள் போட்ட பிச்சை. முதல் நாள் அந்த வெயிலில் புருஷன் மூச்சு விடுவதைப் பார்த்து, கண்ணை மூடாமல் பார்த்து, பெண்டாட்டி கேட்டதற்காகச் சூரியனே நின்றுவிட்டது என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

எதிர்வீட்டுச் சம்பூரணம் அதை வாய்விட்டே சொன்னாள். சம்பூரணம் மசாலாப்பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள், புருஷன் இல்லாதவள், ஒரே மகன் கவினைக் காலேஜ் படிக்கவைத்துக்கொண்டிருந்தவள். சத்தி ரோட்டில் பைக்கோடு லாரிக்கடியில் போனவனை, மூளை வேலை செய்யவில்லை, மெஷினை எடுத்தால் சாயங்காலம்வரைக்கும் தாங்குவான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், வெறிபிடித்தவள் மாதிரி ஆம்புலன்ஸை விரட்டிக்கொண்டு வந்து இருட்டுவதற்குள் வீடு சேர்த்தாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை, விரலை அசைக்கவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "இது நீங்க வச்ச ஜன்னல் இல்லீங்க கோகிலாக்கா, கோயிலுங்க" என்பாள். வெள்ளிக்கிழமை தன் வீட்டு ஜன்னலுக்குக் குங்குமம் வைக்கும்போது கோகிலவாணி வீட்டு ஜன்னலுக்கும் வந்து வைத்துவிட்டுப் போவாள். கோகிலவாணி வெளியே போனால் நாச்சிமுத்துவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

நாச்சிமுத்து கணபதியில் பம்புசெட் பட்டறை வைத்திருந்தவர். நல்ல நாளிலேயே வளவளவென்று பேசமாட்டார். அந்த வெயிலில் கிடக்கக் கிடக்க அவர் பேச்சு இன்னும் சுருங்கி, கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது.

"எப்பம்மணி பொழுது சாயும்?"

"சாயுமுங்க. சித்த பொறுங்க."

"பொறுத்துட்டுத்தான இருக்கறேன்."

ஆஸ்பத்திரியிலேயே முதுகில் புண் வந்திருந்தது. ஆறுவதற்கும் அழுகுவதற்கும் நேரம் நகர வேண்டாமா? வந்தது வந்தபடியே கிடந்தது. அவள் மருந்து தடவுவாள், விசிறுவாள், ஈரத்துணி போடுவாள். எதுவும் அந்த மூன்றரை மணியை விட்டு அப்பால் போகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கோகிலவாணியின் ஆர்க்கிடெக்ட் பதிவைப் புதுப்பிக்கிற வருஷம் வந்தது. வகுப்பில் உட்கார்ந்து இத்தனை மணி நேரம் படித்தேன் என்று காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். இல்லையென்றால் வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது. சம்பூரணத்தைப் புருஷனுக்குக் காவல் வைத்துவிட்டு அவினாசி ரோட்டில் ஒரு ஓட்டலுக்குப் போனாள். "ஜன்னல்: வடிவமைப்பும் செயல்திறனும்" என்று பேனர் கட்டியிருந்த அந்த ஹாலில் இருந்த ஜன்னல்கள் அத்தனையையும் கனத்த திரைபோட்டு மூடி, ஏசியையும் டியூப்லைட்டையும் போட்டிருந்தார்கள். தலை நரைத்த ஆர்க்கிடெக்டுகள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு போன் பார்த்தார்கள், இரண்டு பேர் நன்றாகவே குறட்டை விட்டார்கள். கோகிலவாணிக்கும் கண் சொக்கியது. அந்த அரை இருட்டில் உட்கார்ந்ததும் எத்தனையோ மாதத்து ராத்திரி ஒன்றாகச் சேர்ந்து இமையில் ஏறிக்கொண்டது.

சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் மதனகோபால் நல்ல குரல்காரர். "ஜன்னல்னா சுவத்துல போடற ஓட்டை இல்ல. எதை உள்ளே விடணும், எதை வெளியே அனுப்பணும், ரெண்டும் அதோட வேலை. உள்ளே விட மட்டும் தெரிஞ்ச ஜன்னல் ஜன்னலே இல்ல, அது எலிப்பொறி" என்றார். பிறகு இரட்டைக் கண்ணாடி ஒன்றை மேசைமேல் நிறுத்தி, இரண்டு கண்ணாடிக்கு நாலு முகம், அதில் ஒரு முகத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கும், நம் ஊர் வெயிலுக்கு அது வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது முகத்தில் வரவேண்டும் என்றார். லைட்டரைப் பற்றவைத்துக் கண்ணாடி முன்னால் பிடித்தார். கண்ணாடிக்குள் நாலு சுடர் வரிசையாகத் தெரிந்தது. மூன்று ஒரே நிறம், ஒன்று மட்டும் இளஞ்சிவப்பு. "நிறம் மாறின சுடர் எங்க நிக்குதோ அங்கதான் பூச்சு. புரட்டிப் போட்டுட்டீங்கன்னா என்ன ஆகும்?" என்று கேட்டுத் தானே பதிலும் சொன்னார். "வந்த வெயில் திரும்பிப் போகாது."

கோகிலவாணிக்குத் தூக்கம் கலைந்துபோனது. ஏ பிளாக்கை ஒழுங்காகத்தான் வரைந்தாள். பி பிளாக்குக்கு நேரம் இல்லை என்று பில்டர் தலையைத் தின்றபோது, எல்லோரும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள்: ஏ பிளாக்கை அப்படியே கம்ப்யூட்டரில் மிரர் அடித்து பி பிளாக் ஆக்கினாள். மிரர் அடித்தால் கோடெல்லாம் இடம்வலமாகத் திரும்பும். எழுத்தும் திரும்பினால் யாரும் படிக்க முடியாது என்பதால் எழுத்து மட்டும் திரும்பாமல் நிற்கும்படி எல்லா ஆபீஸிலும் வைத்திருப்பார்கள். ஜன்னலின் குறுக்குவெட்டுப் படத்தில் கோடு புரண்டது. "வெளிப்பக்கம்" என்ற எழுத்து மட்டும் இருந்த இடத்தில் இருந்தபடியே நின்றது. வெளியே இருக்க வேண்டிய முகத்தை உள்ளே காட்டிக்கொண்டு, பார்வைக்கு அத்தனை சுத்தமாக நின்றது. அவள் அதில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சம்பூரணத்தை அனுப்பிவிட்டு, அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தாள். துண்டால் நிழல் கட்டிக்கொண்டு ஜன்னல் முன்னால் ஒரு குச்சியைக் கிழித்துப் பிடித்தாள். நாலு சுடர். வெளிப்பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதாக இருக்க வேண்டிய சிவப்பு மூன்றாவதாக நின்றது. குச்சி எரிந்து விரலைச் சுட்டது, அவள் அதைக் கீழே போடக்கூட மறந்து நின்றாள்.

"என்னம்மணி பண்றே?" என்றார் நாச்சிமுத்து கட்டிலிலிருந்து.

"ஒண்ணுமில்லீங்க. விளக்குப் பத்த வைக்கலாம்னு."

அன்றையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புரட்டி மாட்டினால் போதும், இரண்டு ஆள் ஒரு மத்தியானத்தில் செய்கிற வேலை, வெயில் போய்விடும். வெயில் போனால் ராத்திரி வரும். ராத்திரி வந்தால் டாக்டர் சொன்னது நடக்கும். இத்தனை நாளாகத் தன் புருஷன் சாகாமல் கிடப்பது யார் கையிலும் இல்லை என்று இருந்தாள்; இப்போது அது அவள் கையில் இருந்தது. ஐயோ, அந்த வகுப்புக்கு ஏன் போனேன், பதிவு போனால் போகிறதென்று வீட்டிலேயே கிடந்திருக்கக் கூடாதா என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அது போதாதென்று, பொன்மாலையின் புகழ் ஆர்க்கிடெக்டுகள் சங்கத்துக்கும் எட்டி, அடுத்த வகுப்பை அங்கேயே நேரில் நடத்தினால் என்ன என்று தலைவர் கேட்டார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, அவளிடம் இருந்த காரணம் சொல்கிற காரணம் இல்லை. ஒரு சனிக்கிழமை முப்பது நாற்பது பேர் கையில் நோட்டும் மீட்டருமாக வந்து படுக்கையறையில் நிறைந்தார்கள். செருப்பை வாசலில் விட்டார்கள், நாச்சிமுத்துவுக்கு வணக்கம் சொன்னார்கள், அதற்கப்புறம் அவரை மறந்துவிட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்கு இவ்வளவு வெளிச்சமா, மின்சாரமே வேண்டாமே, என்ன செயல்திறன், என்ன செயல்திறன் என்று கோகிலவாணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இளம் ஆர்க்கிடெக்ட் பெண் ஒருத்தி வெளிச்சம் அளக்கிற மீட்டரை நாச்சிமுத்துவின் நெஞ்சுக்கு மேலே பிடித்து, "சார், கொஞ்சம் அசையாம இருங்களேன்" என்றாள்.

"அசைஞ்சு எங்க கண்ணு போகப் போறேன்" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். மதனகோபால் மட்டும் ஜன்னலிடமே நின்று கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், இதுல பூச்சு எந்த முகத்துல குடுத்திருக்கீங்க?"

கோகிலவாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "இரண்டாவது முகத்துலதாங்க. முறைப்படிதான்."

"ஆச்சரியம்" என்று எழுதிக்கொண்டார் அவர். எல்லோரும் கேசரியும் மிக்சரும் சாப்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், வகுப்பில் இருந்ததற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார்கள். கோகிலவாணிக்கும் ஒன்று கிடைத்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது நாச்சிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா உன்னைப் பார்க்கறேன்" என்றார். "பொய் சொல்றப்ப மூக்குக்கண்ணாடியக் கழட்டுவே. அந்தாளுகிட்ட என்ன பொய் சொன்னே?"

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மிரர் அடித்தது, எழுத்து திரும்பாதது, தீக்குச்சி, சிவப்புச் சுடர். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். பம்புக்குள் விசிறித்தட்டைத் திருப்பி மாட்டிவிட்டுத் தண்ணீர் ஏறவில்லையே என்று பட்டறையில் நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்ட கதையை அவர் சொன்னார். "எல்லாரும் பண்றதுதான், உடு. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சல்ல? திருப்பி மாட்டிரு."

"என்னாலே முடியாதுங்க."

"ஏன்?"

"என்ன ஏன்? நீங்க செத்துப்போயிருவீங்க!" என்று கத்தினாள். கத்திய சத்தம் அவளுக்கே நாராசமாக இருந்தது. கொஞ்சம் அடங்கி, "இந்த ஒரு ஜன்னல் இருட்டானா எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். சம்பூரணம் எதிர்ல அந்தப் பையனை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றாள்.

அன்றிலிருந்து அவர் எப்போது பொழுது சாயும் என்று கேட்பதை நிறுத்திக்கொண்டார். வலிக்கிறதா என்றால் இல்லை என்றார். கஞ்சி கொடுத்தால் குடித்தார், திருப்பிப் படுக்கவைத்தால் படுத்தார். மனுஷன் பழகிவிட்டார் போலிருக்கிறது என்று அவள் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டாள். ஒருநாள் விரிப்பை மாற்றும்போது தலையணைக்கு அடியில் கை போனது. அங்கே அவருடைய துண்டு இருந்தது. துண்டு என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஓரமெல்லாம் நாராகக் கடித்துக் குதறி, எச்சிலும் காய்ந்த ரத்தமுமாக விறைத்துக் கிடந்தது. அவள் அடுப்படியில் இருக்கும்போது, அவள் தூங்கும்போது, அவளுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று அதை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கோகிலவாணி அந்தத் துண்டை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அட பாவி, இத்தனை நாளும் யாருக்காக இவரைப் பிடித்து வைத்திருந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து போனை எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் கண்ணாடிக் கடையிலிருந்து இரண்டு ஆள் வந்தார்கள். ரப்பர்க் கிண்ணங்களைக் கண்ணாடியில் அழுத்தி ஒட்டி, சட்டத்தின் பசையைக் கத்தியால் கீறி, அத்தனை பெரிய பலகையை மெல்லப் பெயர்த்து எடுத்தார்கள். வெறும் ஓட்டையாக நின்ற சுவர் வழியே மலைக்காற்று வந்தது. அவர்களில் வயசானவர் பெயர்த்ததைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கமுங்க வெளிய வரோணும்?" என்று கேட்டார்.

கோகிலவாணி நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே சிரித்தார்.

"இத்தனை நாளா உள்ள இருந்த பக்கமுங்க" என்றாள்.

ஆட்கள் போனார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கால்மாட்டில் அத்தனை மாதமாக அசையாமல் கிடந்த வெயில் ஒரு விரற்கடை நகர்ந்து கட்டில் சட்டத்தில் ஏறியது. அங்கிருந்து சுவருக்குப் போனது, மஞ்சள் செம்மஞ்சளாகி, செம்மஞ்சள் சிவந்து, ஊரில் எல்லோர் வீட்டு வெயிலும் போகிற மாதிரியே ஜன்னல் வழியாக இறங்கிப் போனது. வீட்டுக்குள் குளிர்ந்தது. கோகிலவாணி ஈரத்துணியை எடுத்துவிட்டு அவருக்குப் போர்வை போர்த்தினாள். அவர் தலையைத் தூக்கிவைக்கச் சொன்னார், மலைக்குப் பின்னால் பொழுது இறங்குவதை வாய் திறந்து பார்த்தார், குழந்தை மாதிரி.

"தெருவிளக்குப் போட்டுட்டானா?"

"இன்னும் இல்லீங்க."

"போட்டாச் சொல்லு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலை கறுத்தது. பறவைகள் சத்தம் அடங்கியது. கீழே கம்பத்தில் விளக்கு இரண்டு தரம் மினுக்கிவிட்டு எரிந்தது.

"போட்டுட்டானுங்க" என்றாள்.

பதில் வரவில்லை. "போட்டுட்டானுங்க, பாருங்க" என்று இன்னொரு தரம் சொன்னாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. முதல் நாளே அழுதிருக்க வேண்டிய அழுகை, மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து கிடந்த அழுகை. வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, ஆர்க்கிடெக்ட் அம்மா என்கிற மரியாதையெல்லாம் போக ஓவென்று அழுதாள்.

கீழே தெருவில் கூட்டம் சேர்கிற சத்தம் கேட்டது. மூன்றரை மணி வெயிலில் தகதகத்த பி பிளாக்கில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் கறுத்திருந்ததை யார்தான் பார்க்காமல் இருந்திருப்பார்கள்? யாரோ வைதார்கள், யாரோ ஐயோ என்றார்கள். கதவு தட்டப்பட்டது. கோகிலவாணி முகத்தைத் துடைக்காமலே போய்த் திறந்தாள்.

சம்பூரணம் நின்றாள். அவள் வீட்டுத் திறந்த கதவிலிருந்து வெயில் வந்து முதுகில் அடித்ததில் முகம் தெரியவில்லை. கோகிலவாணி கைகூப்பினாள். மூஞ்சியில் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வதென்று நின்றாள்.

சம்பூரணம் அவளைத் தாண்டி உள்ளே வந்தாள். இருட்டில் இரண்டடி வைத்ததும் தடுமாறிச் சுவரைப் பிடித்தாள். அவளும் இருட்டைப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. கட்டிலுக்குப் போய் நாச்சிமுத்துவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணை அழுத்தி மூடினாள், கொடியில் கிடந்த வேட்டியில் ஒரு நாடா கிழித்துத் தாடையைக் கட்டினாள், இன்னொரு நாடா கிழித்துக் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். எல்லாம் முடித்துவிட்டு அவர் முகத்தைக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூஞ்சி நல்லாத் தெளிஞ்சிருக்குதுங்கக்கா" என்றாள்.

கோகிலவாணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"மத்தியானம் உங்க வீட்டுக்கு வந்த அந்தக் கண்ணாடிக்காரங்க போயிட்டாங்களா?"

"இன்னும் கூலி வாங்கலை, கீழ டீக்கடையிலதான் இருப்பாங்க."

சம்பூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பிறகு முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"சித்த இருக்கச் சொல்லுங்கக்கா. கவினுக்கு உடம்பு தொடச்சு நல்ல சட்டை ஒண்ணு போட்டுட்டு வந்தர்றேன்."